நாலு அங்குல இடைவெளி

"கையை நான்தான் சார் உள்ள விட்டேன். அப்படியே எழுதிக்குங்க" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார் ஆதிமூலம்.

காசிலிங்கம் எழுதவில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளராக இருபது வருஷம் ஓட்டியவர். இவ்வளவு அவசரமாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஆட்களுக்குப் பின்னால் யாராவது இருப்பார்கள் என்பது அவர் அனுபவம்.

மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டியிருந்தது அந்தப் பட்டறை. பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் மெஷின்கள் அங்கே தயாராகின்றன. போன திங்கட்கிழமை புது மெஷினை ஓட்டிப் பார்த்தபோது பட்டறைத் தொழிலாளி ஆதிமூலத்தின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வந்திருந்தார்.

காசிலிங்கம் எழுந்து மெஷினுக்குப் பக்கத்தில் போனார். உருகிய பிளாஸ்டிக் பாயும்போது அச்சு பிளந்துகொள்ளாமல் இறுக்கிப் பிடிப்பது கிளாம்ப். முழங்கால்போல மடங்கி நிமிரும் இரும்புக் கைகள் அதற்கு உண்டு. இந்த மெஷினில் அவை உள்பக்கமாக மடங்கின. அதனால் மெஷினின் நீளம் நிறையவே குறைந்திருந்தது. ஆனால் அவை மடங்கும் இடத்தில் மூடித் தகடு முழுசாக மூடவில்லை. டேப்பை வைத்து அளந்தார். நாலு அங்குலம்.

"இங்க ஏன் தொறந்து கெடக்குது?"

"அது பாட்டுக்கு இருக்குது சார். நான் கையை வெச்சிருக்கக் கூடாது. முன்ன இது பத்தடி மெஷினு. இப்ப ஏழடி. சின்னக் கொட்டகையிலகூடப் போட்டுக்கலாம். இந்த மாதிரி ஒண்ணு மெட்ராஸ்லயே கெடையாது சார்."

விரலைத் தின்ற மெஷினைப் புகழ்கிற ஆளைக் காசிலிங்கம் அன்றுதான் பார்த்தார். நன்றாகச் சொல்லிக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். முதலாளி சிவப்பிரகாசத்தை வந்தவுடனேயே வெளியே அனுப்பியிருந்தார்.

"முதலாளி ஏதாச்சும் மெரட்டினாரா? பயப்படாம சொல்லுங்க."

"அவரா? 'நடந்ததைச் சொல்லுய்யா'ன்னுதான் சார் சொன்னாரு."

"அப்புறம் ஏன் மறைக்கிறீங்க? இதே மாதிரி இன்னும் ஆறு மெஷின் லாரிக்குக் காத்துக்கிட்டு நிக்குது. நாளைக்கு அதுல எவன் கை போகுமோ?"

ஆதிமூலத்தின் முகம் ஒரு கணம் வாடியது. "ஆறுக்கும் தகடு வெட்டி நானே அடிச்சுடறேன் சார். ஒத்தைக் கையால அடிச்சுடுவேன்."

"தகடு அடிச்சா சரியாப் போச்சா? வரைஞ்சவங்க மேல கேஸ் போட்டாத்தான் அடுத்த தடவை யோசிப்பாங்க."

"டிராயிங்ல தப்பே இல்ல சார்!"

குரல் உயர்ந்துவிட்டது அவருக்கே தெரிந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

காசிலிங்கம் மேஜையிலிருந்த வரைபடத்தைத் திருப்பினார். மூலையில் 'சத்யப்ரியா' என்று இருந்தது. வாசலில் நின்ற தொழிலாளி ஒருவரிடம் அந்தப் பெண்ணை வரச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு எதுக்கு சார்?" ஆதிமூலம் பதறினார். "ஏசி ரூம்ல குந்திக்கினு வரையுது. அதுக்கு இன்னா தெரியும்?"

வந்தவளுக்கு இருபத்தாறு வயதிருக்கும். தூங்காத கண்கள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ஆதிமூலம் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

"இவர் தன் தப்புன்னு சொல்றாரு. நீ என்னம்மா சொல்றே?"

"பொய் சார். தப்பு என்னுது."

"சார், புதுசு சார் அது. பயந்துபோய் ஒளறுது" என்றார் ஆதிமூலம்.

"புதுசு இல்ல சார், நாலு வருஷம் ஆவுது." அவள் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டாள். "அழுத்தக் கணக்கு, கைகளோட நீளம், எல்லாம் பத்துத் தடவை சரிபார்த்தேன். மெஷின் நீளத்தைக் கொறைச்சதும் இரும்புக் கை மடங்குறப்போ மூடியில இடிச்சுது. மூடியை நாலு அங்குலம் வெட்டிட்டேன். அங்க யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு நெனைச்சேன்."

"தானேதான் கையை விட்டேன்னு சொல்றாரே?"

"எண்ணெய் விடுற துளை அதுக்கு உள்ளதான் சார் இருக்குது. கையை விடாம எண்ணெய் விட முடியாது. வேற வழி நான் வைக்கலை."

காசிலிங்கம் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டா ஆறு மெஷினும் நின்னுடும். உனக்கு இங்க வேலை இருக்குமான்னு நான் சொல்ல முடியாது."

"தெரியும் சார். மெஷின் நிக்கட்டும்."

"போடாதம்மா" என்றார் ஆதிமூலம். கட்டுப் போட்ட கையை மேஜையில் ஊன்றி எழப் பார்த்து, வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்.

அவள் நின்றபடியே ஒரு பக்கம் எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

காசிலிங்கம் நிதானமாகப் படித்தார். "எல்லாம் சரியா இருக்கு. தகப்பனார் பேர்தான் விட்டுப்போச்சு."

அவள் தாளைத் திரும்ப வாங்கினாள். அதுவரை ஓடிய பேனா அந்த இடத்தில் சற்று நின்றது. பிறகு ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தாள்.

ஆதிமூலம்.