பன்னிரண்டாவது செய்தி

“தங்கச்சி, உங்கம்மா வயசுல ஒருத்தங்க இங்க உக்காந்திருந்தா, இதை எப்படிச் சொல்லுவே?”

எங்கள் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் ஜெயபாலன் அண்ணன் திரையைக் காட்டிக் கேட்டார். அதில் பச்சை எழுத்தில், மலாயில், ‘தவறான பதிவு’ என்று நின்றது.

லகாட் பக்கம் விற்கப்பட்ட ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு மலிவு வீடு தரும் திட்டம். ஈப்போவில், மாடியில் ஓர் அலுவலகம். அவர்கள் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் விண்ணப்பப் பாரத்தை நிரப்புவேன். ஏதாவது ஒத்துவராவிட்டால் கம்ப்யூட்டர் ‘பீப்’ என்று கத்தும்.

முந்தின நாள் அந்தச் சத்தத்துக்கே, வீடு கேட்டு வந்த ராக்காயி அக்கா எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதனால்தான் அண்ணன் கேட்டார். மேசைக்கடியில் நான் நோட்டில் எழுதுவதை அவர் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படிவம் இரண்டோடு, பதினாலு வயதில் பள்ளியை விட்டவளிடம் ஏன் கேட்கிறார்?

‘தவறான பதிவு’ வரும் இடங்களுக்கு மொத்தம் பன்னிரண்டு செய்தி; ஒரு செய்திக்கு நாற்பது எழுத்துதான் இடம். தமிழில் எழுதிப் பார்த்து, பிறகு மலாயில் மாற்றினேன்.

‘பிறந்த நாள் தெரியாதா? வருடம் போதும்.’

‘தகப்பன் பெயர் இல்லையா? காலியாக விடலாம்.’

பதினொன்று ஒரே மத்தியானத்தில் வந்துவிட்டன. பன்னிரண்டாவது வரவில்லை.

அது சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு. இங்கேயே பிறந்திருந்தாலும் பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் சிவப்புதான். குடியுரிமை உள்ள நீல அட்டைக்கு மட்டும்தான் வீடு. சிவப்பு என்று அடித்தால் கம்ப்யூட்டர் பாரத்தை ஏற்காது.

நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். பஸ்ஸிலும் அதே நினைப்பு. தட்டில் சோறு ஆறியது.

கடைசியில் ஒன்றைக் கொடுத்தேன். அண்ணன் இரண்டு முறை படித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து, படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை, முப்பத்தோராவது ஆளாகக் காளியம்மா வந்து உட்கார்ந்தார்.

வயது, ஏறக்குறைய ஐம்பது. ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியது இருபத்தாறு வருடம். பிள்ளைகள், ஒன்று.

பிள்ளையின் பெயரை நான் கேட்கவில்லை. என் பெயரை அடித்தேன்.

வர வேண்டாம் என்று வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்தது அட்டையின் நிறம். சிவப்புக்கு ஓர் எழுத்து, நீலத்துக்கு ஓர் எழுத்து. என் விரல் நீலத்தின் மேல் நின்றது. அதை அடித்தால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது.

அம்மா தன் சிவப்பு அட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

“உள்ளத போடு லா.”

போட்டேன். பீப்.

எல்லோருக்கும் படிப்பதுபோலவே திரையில் வந்ததைத் தமிழில் படித்தேன்.

‘மன்னிச்சிரு. இது உன் தப்பு இல்ல.’

மலாயில் அது மரியாதையாகத்தான் இருந்தது. என் வாயில் பழையபடியே வந்துவிட்டது. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திய அன்று அம்மா என்னிடம் சொன்னது அது.

அம்மா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அட்டையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.