பக்கத்து சீட்டின் சூடு

"உள்ளதைச் சொல்றேன்க்கா. உங்க காருக்கு இந்த நாடாவைச் சுத்துறது வீண் வேலை."

மெக்கானிக் இப்படிச் சொன்ன பிறகும் அவள் நகர்வதாக இல்லை. பின்தெருவில் தையற்கடை வைத்திருப்பவள். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்க்கு வெப்பம் தடுக்கும் நாடாவைச் சுற்றித் தர வேண்டும், இல்லையென்றால் ஏதோ பூச்சு இருக்கிறதாமே, அதையாவது பூசித் தர வேண்டும் என்று இந்த வாரத்தில் இரண்டாவது முறையாக வந்து நிற்கிறாள்.

அவன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். பந்தயக் கார் என்றால் சரி, புகை சூடு ஆறாமல் சட்டென்று வெளியேறும், எஞ்சினுக்குக் கொஞ்சம் வலு கூடும். வீட்டுக்கும் கடைக்கும் போய்வருகிற பழைய காருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. போதாக்குறைக்கு, மழையில் நனைந்தால் அந்த நாடா ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு குழாயை அரித்துவிடும். பூச்சு அப்படி அரிக்காது. ஆனால் குழாயைக் கழற்றி வெளியூருக்கு அனுப்பி, சூளையில் வைத்து எடுக்க வேண்டும். இருபது வருடக் காருக்கு எதற்கு அந்தப் பாடு?

"எனக்கு வேகம் வேணாம் தம்பி. சூடு உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்து சீட்ல கால் வைக்கிற இடம் கொதிக்குது."

குனிந்து பார்த்தான். தரைக்கு அடியில் சூட்டை மறைக்கும் தகடு துருப்பிடித்து எப்போதோ விழுந்துபோயிருந்தது. அந்த சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்டான். வீட்டுக்காரர் என்றாள். ரொம்பக் குறைபட்டுக்கொள்கிறாரா என்றான். அவரா, சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றாள்.

தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கடையை மூடிவிட்டு, ஏரிக்கரைச் சாலையில் அவரைக் கூட்டிப்போய் வருவாளாம். பகலெல்லாம் உம்மென்று இருக்கிற மனிதர், காரில் ஏறியதும் வாய் திறப்பாராம். எதிரே வருகிற லாரிக்காரனைத் திட்டுவது, இவள் கியர் மாற்றும் லட்சணத்தைக் கிண்டல் செய்வது என்று பேச்சு ஓயாதாம்.

"பத்து நாளா நிறுத்திட்டேன். வீடே ஊமையாப் போச்சு தம்பி."

மெக்கானிக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. மனைவியை ஓட்டவிட்டுப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்து நொட்டை சொல்லிக்கொண்டு வருகிற மனிதருக்கு, காலில் லேசாகச் சூடு பட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

"தரையில தடிமனா ஒரு மிதியடி போடுங்கக்கா. அப்பவும் சுட்டா, சார் காலைத் தள்ளி வெச்சுக்கட்டும்."

அவள் லேசாகச் சிரித்தாள். "நீங்க சுத்திக் குடுங்க தம்பி."

மறுநாள் வேலை நடந்தது. குழாய் முழுவதும் வேண்டாம், தரையை ஒட்டிப் போகும் பகுதிக்கு மட்டும் நாடா போதும், அதற்கு மேலே காற்று போக இடம்விட்டுப் புதுத் தகடு ஒன்றைப் பொருத்துகிறேன் என்று அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். அவள் கடைக்குப் போகாமல் கூடவே நின்றாள். நாடாவைத் தடவிப் பார்த்தவள், கண்ணாடி இழை விரலில் குத்தவும் கையை உதறினாள். அவன் கையுறை கொடுத்தான்.

வளைவில் அவன் சுற்றியது அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு சுத்து மேல அடுத்த சுத்து பாதி ஏறணும் தம்பி. இல்லேன்னா வளைவுல வாயைப் பொளந்துக்கும்" என்று வாங்கி, தானே இழுத்துப் பிடித்துச் சுற்றினாள். அத்தனை கச்சிதம். இதே வேலையில் பதினைந்து வருடம் ஓட்டிவிட்ட அவனுக்கு அப்படி வந்ததில்லை. இவ்வளவு செய்கிறவளுக்கு வாய்த்தவர் ஒருநாளாவது இங்கே வந்து எட்டிப் பார்த்தாரா என்று அவன் மனம் முணுமுணுத்தது.

எஞ்சினை ஓடவிட்டபோது புது நாடா புகைந்தது. பயந்துபோனவளிடம், முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்றான். புகை அடங்கிய பிறகு சாவியைக் கொடுத்தான்.

"சாரை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்லுங்கக்கா, சூடு குறைஞ்சிருக்கான்னு. உக்கார்ற மனுஷன் சொன்னாத்தான் கணக்கு." சொன்னவன் அதோடு விடவில்லை. "இனிமேலாவது ராஜா மாதிரி காலை நீட்டி உக்காருவாரு."

அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

"அவருக்குத் தெரியாது தம்பி. மாடியிலேர்ந்து விழுந்த நாள்லேர்ந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே கிடையாது. கடைசியாப் போன அன்னிக்குக்கூட வழி பூரா சிரிச்சுப் பேசிட்டுத்தான் வந்தாரு. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழட்டினப்பதான் நான் பார்த்தேன், பாதம் பூரா கொப்புளம்."

மெக்கானிக் காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறினான். இரண்டு உள்ளங்கால்களையும் தரையில் அழுந்தப் பதித்துக்கொண்டான்.

"வண்டியை எடுங்கக்கா. அதே ஏரிக்கரை ரோட்ல, முழுசா ஒரு மணி நேரம் ஓட்டுங்க."