வண்டியைக் கழுவாமல் போகக்கூடாது

டிங் என்று சத்தம் வந்ததும் இசோகெனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கார் விற்ற காசு, நாற்பத்திரண்டு லட்சம் நைரா. வங்கியின் செய்தி கைபேசியில் சுடச்சுட வந்து நின்றது. இனி அந்த மீன் கடை அவளுடையதுதான். சாயங்காலத்துக்குள் முன்பணம் வராவிட்டால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். இதோ வந்துவிட்டது. ஐஸ் பெட்டியை எந்த மூலையில் வைப்பது என்பதுவரை அவள் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

"வந்துருச்சாம்மா?" என்று கேட்டான் காரை வாங்க வந்தவன். பேர் காலின்ஸ் என்று சொல்லியிருந்தான். மடிப்புக் கலையாத சட்டை, பக்கத்தில் வந்தாலே கமகமவென்று வாசனை.

செய்தியை நம்பக்கூடாது என்றுதான் காலையில் நினைத்திருந்தாள். பணம் வராமலே வந்ததாகக் காட்டும் பொய்ச் செய்தியைப் பற்றி பெனின் நகரத்தில் தெரியாதவர் யார்? அவளுடைய சித்தி மகன் அப்படி ஒரு செய்தியைப் பார்த்துத்தான் மோட்டார் சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தான். கணக்கைத் திறந்து பணத்தைக் கண்ணால் பார்த்த பிறகே சாவி என்று தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள்.

ஆனால் வங்கியின் ஆப் திறக்கவில்லை. சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"நெட்வொர்க் படுத்துருச்சும்மா. அது எந்திரிக்கும்போது எந்திரிக்கட்டும். செய்தி வந்துருச்சுல்ல, பெறகென்ன?"

அதுவும் சரிதான் என்று பட்டது. ஏமாற்ற வந்தவன் இப்படியா பேரம் பேசுவான்? டிக்கியை உள்ளேயிருந்து திறக்கும் கம்பி அறுந்துபோயிருந்தது, சாவி போட்டால்தான் திறக்கும். அந்த ஒரு குறைக்காக வெயிலில் நின்று மல்லுக்கட்டி, இருபதாயிரத்தைக் குறைத்துவிட்டுத்தான் ஓய்ந்தான். சொந்தக் காசைக் கொடுக்கிறவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் வரும்.

சாவியைக் கொடுத்துவிட்டாள்.

அவன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பி நகர்த்துவதற்குள் தெருப் பையன்கள் நான்கைந்து பேர் பானட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

"என்ன முதலாளி, வண்டியக் கழுவாமலே போயிருவீங்களா?"

கழுவுவது என்றால் தண்ணீரால் இல்லை. கார் வாங்கியவன் தெருவுக்கே கலர் வாங்கித் தரவேண்டும். இல்லாவிட்டால் வண்டி அந்த இடத்தைவிட்டு நகராது. மந்திரியே வந்து வாங்கினாலும் அதுதான் சட்டம்.

காலின்ஸ் முகம் சுளிக்கவில்லை. சிரித்தான். "ஒரு பெட்டி எடுத்துக்குங்கடா" என்றான். கையில் ரொக்கமில்லை என்று சொல்லிவிட்டு, எதிரே எஃபே அம்மாவின் பெட்டிக்கடைச் சுவரைப் பார்த்தான். அங்கே சிவப்புப் பெயிண்டில் வங்கிப் பேரும் கணக்கு எண்ணும் போன் நம்பரும் பெரிதாக எழுதியிருந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கைபேசியில் தட்டினான்.

எஃபே அம்மாவின் கைபேசியும் டிங் என்றது.

தெருவே ஓவென்று கத்தியது. பையன்கள் பானட்டிலிருந்து குதித்து ஐஸ் வாளிக்குள் கையை விட்டார்கள். யாரோ இசோகெனின் கையில் ஒரு மால்ட் பாட்டிலைத் திணித்தார்கள். ஒரே மடக்கில் பாதியைக் குடித்தாள். இவ்வளவு ருசியாக ஒரு மால்ட்டை அவள் குடித்ததே இல்லை.

எஃபே அம்மா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு பாட்டில் திறக்கும் ஓப்பனரைப் பிடித்தபடியே தெருவைக் கடந்து வந்து, இசோகெனின் காதருகே குனிந்தாள்.

"ஏ புள்ள, அந்தச் சுவத்துல இருக்குற கணக்க நான் மூடி எத்தன மாசமாச்சு? தொட்டதுக்கெல்லாம் பேங்க்காரன் காசு புடிக்கிறான்னு மூடுனேன். பெயிண்டர்காரன் இன்னிக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னு இன்னும் வந்து அழிக்கல. இல்லாத கணக்குல எப்படிடி காசு விழும்?"

இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். புதுக் கணக்கு எண் கடை ஜன்னலில், கடலைப் பொட்டலங்களுக்குப் பின்னால் ஓர் அட்டையில் தொங்குகிறது. வெளியூர்க்காரன்தான் சுவரைப் பார்ப்பான்.

இசோகென் தன் கைபேசியைப் பார்த்தாள். அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மீன் கடை, ஐஸ் பெட்டி, எல்லாம் காருக்குள் ஏறி உட்கார்ந்திருந்தன. பானட்டில் இப்போது யாரும் இல்லை. வழி காலியாகக் கிடந்தது. காலின்ஸ் காரின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கியரில் கையை வைத்தான்.

கத்தினால் பறந்துவிடுவான்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு கார் ஜன்னலில் போய்ச் சாய்ந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் அந்தச் சாவியக் குடுங்க. டிக்கியில என் செருப்பு கெடக்கு, எடுத்துக்கிறேன்."

காலின்ஸ் சலித்துக்கொண்டான். அவனே சண்டை போட்டு விலை குறைத்த டிக்கி. உள்ளேயிருந்து திறக்க முடியாது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். வண்டியை அணைத்து, சாவியை உருவி, அவள் உள்ளங்கையில் வைத்தான்.

இசோகென் சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். பின்பக்கமாக நடந்து, டிக்கியைத் தாண்டி, எஃபே அம்மாவின் கடையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள்.

செருப்பு இரண்டும் அவள் காலில்தான் இருந்தன.