உப்பைக் குறைத்தவர்

அந்த மனிதர் உள்ளே வந்து பக்கத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்காவுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

பள்ளிக்கூடத்து உப்பைப் பாதியாகக் குறைத்த சுகாதார அதிகாரி. சாட்சாத் அவரேதான்.

ஊசி இரண்டும் கையில் ஏறி, டயாலிசிஸ் மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது. அக்காவால் எழுந்து போக முடியாது. அதனால் ஒன்றுமில்லை. இன்றைக்கு அவரையும் சும்மா போக விடுவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

மெஷினோடு கட்டிப்போடாத நாட்களில் அக்கா ஒரு பள்ளிக்கூடத்துக்கே மதியச் சாப்பாடு சமைப்பவள். அவள் கை பட்டால் வெறும் பருப்புகூடத் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று பேர். தட்டை வழித்து நக்கிய பிள்ளைகள், இன்னும் சாப்பிடவே இல்லாத மாதிரி மறுபடியும் வரிசையில் வந்து நிற்கும். அவளும் தெரியாத மாதிரியே போடுவாள்.

இந்த வருஷம் பள்ளி திறந்த சமயத்தில் உத்தரவு வந்தது. உப்பு பாதி. பொரித்தது அறவே கூடாது.

உத்தரவுக்குப் பின்னாலேயே இந்த மனிதரும் வந்தார். ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்று கண்ணைச் சிமிட்டாமல் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பாதிச் சோறு தொட்டிக்குத்தான் போகிறது. மூன்றாம் வகுப்பு வாண்டுகள் அவளுக்குச் 'சப்பக்கா' என்று பேரே வைத்துவிட்டன.

"என்ன சார், எங்க உப்பையெல்லாம் எங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் திரும்பினார். கொஞ்சம் உற்றுப் பார்த்து, அடையாளம் தெரிந்ததும் லேசாகச் சிரித்தார்.

"வார்டைப் பார்வையிட வந்தீங்களாக்கும். இங்கயும் எதையாவது பாதியாக்கிடாதீங்க. ஃபேன் ஏற்கெனவே பாதியாத்தான் சுத்துது."

எதிர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்த பஸ் டிரைவரின் வயிறு குலுங்கியது.

"உங்களுக்கே உப்பு ஆகாதேம்மா" என்றார் அதிகாரி.

"எனக்கு ஆகாது. வீட்ல எனக்கு ஒரு சமையல், மனுஷங்களுக்கு ஒரு சமையல்னு ரெண்டு அடுப்பு எரியுது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு என்ன சார் வந்துச்சு?"

"இன்னும் ஒண்ணும் வரலை. வரக்கூடாதுன்னுதான்."

அது சுருக்கென்று பட்டது. ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்றே தெரியாமல் வருஷக்கணக்காக அடுப்படியில் நின்று, ஒருநாள் மயங்கி விழுந்தபிறகுதான் சிறுநீரகம் போய்விட்ட விஷயமே அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் இந்த ஆளிடம் அதை ஒப்புக்கொள்வதா.

"அந்தச் சாப்பாட்டை ஒருநாள், ஒரே ஒருநாள், வயிறு நிறையச் சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

"தினமும் அதைத்தான் சாப்பிடறேன்."

அதிகாரிகள் வாய் கூசாமல் பேசி அக்கா நிறையக் கேட்டிருக்கிறாள். இது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

"ஆமா சார். நானும் தினமும் விமானத்துலதான் வேலைக்குப் போறேன்."

டிரைவர் அடக்க முடியாமல் சிரித்ததில் கை அசைந்து அவருடைய மெஷின் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்து அதைத் தட்டி அடக்கினாள். அவரை ஒரு முறை முறைத்தாள்.

பிறகு ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியின் பக்கம் வந்து நின்றாள்.

"சட்டைக் கையை மேல ஏத்திக்குங்க சார். முதல் தடவைங்கறதால இன்னைக்கு மெதுவாத்தான் போவோம்."

அதிகாரி முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, நிதானமாக மடித்து மேலே ஏற்றினார்.

முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு. டயாலிசிஸ் ஊசிக்காக முன்கூட்டியே இரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த, அக்காவின் கையில் இருப்பது போன்றே அச்சு அசலாக ஒரு தழும்பு.

அது புதுசும் இல்லை. நன்றாக ஆறி வெளுத்திருந்தது. ஒரு வருஷத்துக்குக் குறையாது என்று பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பள்ளிச் சமையற்கட்டில் கரண்டியை நீட்டி வாங்கியபோது, அந்தச் சட்டைக்குள் இது இருந்திருக்கிறது.

டிரைவர் இப்போது உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டார்.

நர்ஸ் ஊசியின் உறையைப் பிரித்தாள். அது எவ்வளவு பருமன் என்று அதிகாரி பார்த்துவிட்டார்.

"வலிக்குமாக்கா?"

இத்தனை நேரம் 'அம்மா' என்றவர் 'அக்கா' என்கிறார்.

"அதைப் பார்க்காதீங்க. இந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

அவர் திரும்பினார். அந்தப் பக்கம் பார்ப்பதற்கு அக்காவைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவள் அவசர அவசரமாக முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"நம்ம சண்டை இன்னைக்கு முடியற சண்டை இல்லை சார்" என்றாள். "வாரத்துக்கு மூணு நாள் இருக்கு."