பெண் கேட்டுப் போன தேயிலை

"ஏன் பெரியவரே, மலையிலிருந்து நடந்தேவா வந்தீங்க?"

வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் ருகையா. பெண்ணின் அத்தை.

"பஸ் நடுவழியில நின்னுடுச்சும்மா."

"பொண்ணு கேட்க வர்ற அன்னிக்குத்தானே நிக்கும்!"

துவோ சுலைமான் களைப்போடு சிரித்துவைத்தார். கையில் சிவப்புத் தாள் சுற்றிய தேயிலைக் கட்டி. பக்கத்தில் மகன் யூனுஸ். முப்பதைத் தாண்டிவிட்டான். கட்டினால் ஹலீமாவைத்தான் என்று நிற்கிறான்.

சீனாவில், லின்ஷியாவின் ஹுய் முஸ்லிம் வீடுகளில், பையன் வீட்டார் கொண்டுவரும் கட்டியை உடைத்துக் காய்ச்சிக் குடித்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. புளித்து முதிர்ந்த நல்ல கட்டிக்குள் மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள் பூத்திருக்கும். பொன்பூ என்பார்கள். பூ இல்லாத கட்டி வந்தால் குடும்பம் விளங்காது என்பது இங்கே நம்பிக்கை.

சுலைமானின் கட்டி பரணில் கிடந்து மழை ஒழுகி நனைந்திருந்தது. காலையில் தாள் சுற்றும்போதுதான் பார்த்தார். ஓரமெல்லாம் கறுப்புப் பூசணம். டவுனில் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினார். அந்த நேரத்தை பஸ் தின்றுவிட்டது. மகனிடம்கூடச் சொல்லவில்லை.

உள்ளேயாவது நன்றாக இருக்காதா?

"உட்காருங்க, களைப்பா இருப்பீங்க." பெண்ணின் அம்மா ஸைனபு மெதுவாகத்தான் பேசினாள்.

"களைப்பு கிடக்கட்டும் அண்ணி. போன தடவை ஒரு வீட்டார் வந்தாங்களே, மாடி வீடு, காரு! கட்டியில ஒரு பூ இல்ல. அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டீங்கல்ல?"

"வேற எதுல வேணா விட்டுக்கொடுப்பேன் ருகையா. அதுல மாட்டேன்."

"கேட்டீங்களா பெரியவரே? குடுங்க, உடைச்சுப் பார்த்துடலாம்."

ருகையா கட்டியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். முகம் சுளித்தாள்.

"என்ன?" என்றாள் ஸைனபு.

"ஒண்ணுமில்ல அண்ணி. பஸ் புகையையும் சேர்த்துக் கட்டிக்கிட்டு வந்திருக்கார்."

கட்டியோடு சமையலறைக்குத் திரும்பியவளிடம், "நானும் வரேன்" என்று எழுந்தாள் ஸைனபு.

"விருந்தாளியைத் தனியா விட்டுட்டா? நல்ல மரியாதை! உட்காருங்க."

சமையலறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடியும் சுலைமானின் நெஞ்சில் விழுந்தது.

"இது தேயிலையா, உங்க ஊர்ப் பாறையா?" உள்ளேயிருந்து ருகையாவின் குரல்.

எழுந்துபோய் உண்மையைச் சொல்லிவிடலாமா? யூனுஸ் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்டு வந்தது. துண்டுக்குத் துண்டு பொன்பூ.

"மாஷா அல்லாஹ்!" ஸைனபுவின் முகம் மலர்ந்தது. "ஹலீமா, அடுப்புல தண்ணி வையம்மா!"

சுலைமான் கண்ணைக் கசக்கிக்கொண்டார். வெளியேதான் கெட்டிருக்கிறது. காலையிலிருந்து வீணாகச் செத்துப் பிழைத்திருக்கிறார். உப்புப் போட்ட சூடான தேநீர் உள்ளே இறங்கியபோதுதான், உடம்பு எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்றே தெரிந்தது.

விடைபெற்றுக் கிளம்பினார்கள். ருகையா தெருமுனை வரை கூடவே வந்தாள். யூனுஸ் முன்னால் போனதும், துணியில் சுற்றிய கனமான பொட்டலம் ஒன்றைச் சுலைமான் கையில் திணித்தாள். பூசண வாடை குப்பென்று அடித்தது.

"சம்பந்தி, பாலம் வந்ததும் இதை ஆத்துல போட்டுடுங்க. எங்க அண்ணி கண்ணுல பட்டா, உங்களோட சேர்த்து என்னையும் துரத்திடுவாங்க!"