அக்காவின் அறை இன்னும் காயவில்லை

மாடி அறைச் சுவரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளுக்குள் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. சிமென்ட் பூச்சு முடிந்து இன்றோடு அறுபது நாள்.

"இது சுவரா, ஊத்தா மேஸ்திரி?" என்றார் வீட்டுக்கார சார்.

பூசிய மேஸ்திரி தாளின் ஓரத்தை விரலால் நீவினார். மணலில் உப்பு, கலவையில் குறை, தொழிலில் நேர்மை இல்லை என்று சார் கீழே வரை கேட்கும்படி அடுக்கிக்கொண்டே போனார். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் திட்டு வாங்க அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

நாலு வாரம் காயவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும், ஈரத்தில் அடித்தால் கொப்புளித்து உரிந்துவிடும் என்று பெயின்டர் சொன்னதை, தானே கண்டுபிடித்த மாதிரி தெருவுக்கே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். இரவில் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுவார். காலையில் உள்ளே ஒரு துளி இருந்தாலும் பெயின்ட் கிடையாது.

விடிந்ததும் முதல் ஆளாக மாடியேறி ஆய்வு நடக்கும். இறங்கும்போது கால்சட்டை ஓரம் நனைந்திருக்கும். உள்ளே போய் நின்றாலே நனைகிறது பார் என்று, அதையும் மனைவியிடம் சாட்சியாகக் காட்டுவார்.

அறை அவருடைய அக்காவுக்கு. தம்பியைப் படிக்க வைப்பதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் அதை மறந்தே போனவர். இனிமேல் அக்கா என்னோடுதான் என்று சொந்தபந்தம் மொத்தத்துக்கும் போனில் அறிவித்துவிட்டுத்தான் சார் செங்கல்லே இறக்கினார்.

வாடகை அறையில் பெட்டி கட்டி வைத்திருக்கும் அக்கா, ஞாயிறுதோறும் சாரின் மனைவிக்குப் போன் செய்வார். "காஞ்சிடுச்சாம்மா? அவசரமில்ல, ஈரத்துல அடிச்சா வீணாயிடும்."

அந்த 'அவசரமில்ல'தான் மனைவிக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தும். ஆனால் அக்கா வந்தால் குழம்பிலிருந்து கோலெடுத்து ஒட்டடை அடிப்பது வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வரும். அதனால் தினமும் மத்தியானம் சார் குறட்டை விடும் நேரத்தில், இஸ்திரிக்கு வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டிலோடு அவள் மாடியேறிவிடுவாள்.

இன்றைக்கு சார் ஒரு படி மேலே போனார். இந்தத் தெருவில் இனி ஒரு செங்கல்கூட நீ வைக்க முடியாது என்று தீர்ப்பெழுதிவிட்டுக் கீழே இறங்கினார்.

அவளுக்குத் தாங்கவில்லை. டீயை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

"உங்க வேலைல தப்பில்ல மேஸ்திரி. நான்தான் தினம் சுவத்துல தண்ணி தெளிக்கிறேன்." டம்ளரை நீட்டினாள். "அக்கா வந்துடுவாங்களேன்னு பயம். பாவம்தான், தெரியுது. சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலைல நான் வந்தப்போ, கையில பக்கெட்டை வச்சுக்கிட்டு சாரும் இதையேதாம்மா சொன்னாரு, உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு."