ரோல் இல்லாத கேமரா

"ஃபிலிம் ரோலை எடுத்து மேசையில வை. மத்ததப் பொறவு பேசலாம்."

துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறை முதலாளி சீனிச்சாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். ராஜபாளையத்தில் தான் சத்தம் போட்டால் எதிர்த்துப் பேச ஆளில்லை என்பது அவர் எண்ணம். ஸ்டுடியோக்காரி ஞானபாக்கியத்துக்கு அப்படி ஓர் எண்ணம் இருப்பதே தெரியாது.

"எந்த ரோலு அண்ணாச்சி?"

"ஏட்டி, நடிக்கியா? நேத்து சாயங்காலம் கண்மாய்க்கரையில நின்னு எம் பட்டறைக் குழாயைப் போட்டோ எடுத்திருக்க. பாத்த ஆளு இருக்கு."

"எடுத்தேன். உங்க பட்டறைத் தண்ணி நுரையும் நாத்தமுமா கண்மாய்க்குள்ள விழுதத எடுத்தேன். ஏட்டின்னு கூப்புடாதீங்க. எம் பேரு வாசல் போர்டுல எழுதியிருக்கு."

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் அவளுடைய இரண்டு எருமைகளும் போன மாதம் செத்துப்போயின. ஆதாரம் எங்கே என்று கேட்டு இரண்டு தடவை மனுவைத் திருப்பிவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை விருதுநகரில் கலெக்டரிடம் மூன்றாவது மனு. இந்தத் தடவை போட்டோவோடு போவதாக இருந்தாள்.

"எடுத்தேல்லா? அப்ப ரோலைக் குடு."

"இல்லாததை எப்படிக் குடுக்க? இந்தக் கேமராவுல ரோலே கிடையாது. இது டிஜிட்டல். சிங்கப்பூர்லருந்து எங்கண்ணன் வாங்கியாந்தது."

"ரோலு இல்லாமக் கேமராவா? மாவு இல்லாம இட்லி அவிப்பேன்னு சொல்லு!"

"எம்பத்தொண்ணுலயே ஜப்பான்காரன் ஃபிலிம் இல்லாமப் படம் பிடிச்சுக் காட்டிட்டான் அண்ணாச்சி. அது டிவி படம் மாதிரி. பொறவுதான் முழு டிஜிட்டல் வந்துச்சு. மொதல்ல கறுப்பு வெள்ளை, அப்புறம் கலரு, அதுக்கப்புறம் எடுத்த படத்தை அங்கனயே பாக்க முதுகுல குட்டித் திரை. சிலதுல படம் கேமராவுக்குள்ளயே தங்கும், சிலதுல சின்ன அட்டையில தங்கும், இதுல ஃபிளாப்பியில தங்கும். தொண்ணூத்தொம்போது வந்தாச்சு. நீங்க இன்னும் ரோலுலயே நிக்கிய."

சீனிச்சாமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கேமராவைப் பிடுங்கி, கையில் அகப்பட்டதையெல்லாம் அமுக்கினார். கேமராவின் பக்கவாட்டு மூடி திறந்துகொண்டு கறுப்பு ஃபிளாப்பி ஒன்று வெளியே வந்தது.

"இதுல என்ன இருக்கு?"

ஞானபாக்கியம் ஃபிளாப்பியையே பார்த்தாள். இன்னும் பிரிண்ட் போடவில்லை. இருப்பது அது ஒன்றுதான். ஆனாலும் இந்த ஆளுக்குப் பயந்து பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"நீங்க தேடுற போட்டோ."

அவர் ஃபிளாப்பியை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"எம் மவன் கம்ப்யூட்டர் கிளாசுக்கு இதத்தான் பையில போட்டுக்கிட்டுப் போறான். இதுல போட்டோவா? யாருக்குக் காது குத்துத?"

அவர் வீசியெறிந்தது பாலம்மாள் மடியில் போய் விழுந்தது. அவள் சத்தமில்லாமல் அதை மனு வைத்திருந்த மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சீனிச்சாமி மேசை இழுப்பறையை இழுத்தார். உள்ளே நான்கு ஃபிலிம் ரோல்கள்.

"ரோலே இல்லேன்ன! இது என்ன, பல்லி முட்டையா?"

"ஐயோ, அதத் தொடாதீங்க! அது கழுவ வந்த ரோலு. அது யாரோடதுன்னா..."

"மூச்! இனி வாயத் தொறந்த, இந்தக் கண்ணாடி அம்புட்டையும் நொறுக்கிருவேன்."

"சொல்றதக் கேளுங்க அண்ணாச்சி. அந்தக் கல்..."

"பேசாதேன்னேன்!"

அவள் கடைக்குள் வந்து அவளையே பேசாதே என்கிறார். ஞானபாக்கியத்துக்கு ஆத்திரம் பொங்கியது. சரி, பேசவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள். பாலம்மாளைப் பார்த்து, அடுத்த கடையான கம்ப்யூட்டர் சென்டர் பக்கம் மட்டும் கண்ணைக் காட்டினாள். பாலம்மாள் பையோடு நழுவினாள்.

சீனிச்சாமி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. வாசற்படியில் நின்று, ஒவ்வொரு டப்பியையும் கல்லில் தட்டிப் பிளந்து, உள்ளே இருந்த ஃபிலிமை முழம் முழமாக உருவினார். கழுவாத ஃபிலிமில் வெளிச்சம் பட்டால் படம் அழிந்துபோகும்; அதுவோ சித்திரை மாத உச்சி வெயில். நான்கும் தெருவில் சுருண்டு கிடந்தன. போதாக்குறைக்குச் செருப்புக் காலால் ஒரு மிதியும் மிதித்தார்.

"இதக் கொண்டுபோய்க் கலெக்டருக்குக் காட்டு, போ!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். "என்னமோ சொல்லணும்னு துடிச்சியே, இப்பச் சொல்லு. செத்த நேரம் கேக்கேன்."

ஞானபாக்கியம் எழுந்து வாசலுக்கு வந்தாள். அடுத்த கடையில் பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"அந்த நாலு ரோலையும் காலையில கழுவக் குடுத்துட்டுப் போனது வத்திராயிருப்புக் கண்ணுச்சாமி, உங்க சம்பந்தி," என்றாள் அவள். "நீங்க உருவித் தெருவுல போட்டு மிதிச்சிருக்கது, போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துல நடந்த உங்க மக கல்யாணம் அண்ணாச்சி!"